செந்தூரம் தெரிந்தவர் போதுமா?

பெரியகுளம் தென்கரையில் வீட்டிலிருந்தபடியே மாங்காய் மண்டிகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறேன். சீசன் உச்சத்தில் ஒரு மண்டிக்கார அண்ணன் போன் போட்டார். "தம்பி, செந்தூரத்துக்குச் சரியா வருது. இமாம்பசந்து போட்டா தொகை வர்ற இடத்துல என்னமோ இங்கிலீஷ் எழுத்து வருதுப்பா." போய்ப் பார்த்தால் 'என்ஏஎன்'. எண்ணே இல்லை என்று ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும் விதம் அது.

தவறு என்னுடையது. விலை போடும் ஃபங்ஷன் எந்த மாம்பழத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இன்டர்ஃபேஸில் எழுதியிருந்தேன். அந்த இடத்தில் செந்தூரத்துக்கென்று எழுதிய ஃபங்ஷனைச் செருகிவிட்டேன். அது 'சிவப்புப்படி' என்ற ஃபீல்டை எடுத்து விலையோடு பெருக்கும். இமாம்பசந்தில் அந்த ஃபீல்டே கிடையாது.

செந்தூரமும் மாம்பழம்தானே, அப்படியானால் செந்தூர ஃபங்ஷனும் மாம்பழ ஃபங்ஷன்தானே என்று மனசு சட்டென்று சொல்லும். இங்கேதான் இடறுகிறோம். மண்டியில் தரம் பிரிக்க ஆள் வைப்பதை நினைத்துப் பாருங்கள். செந்தூரக் குவியலுக்கு ஆள் கேட்டால், எல்லா ரகமும் தெரிந்தவரை உட்கார வைக்கலாம். கலந்து வரும் லோடுக்குச் செந்தூரம் மட்டும் தெரிந்தவரை உட்கார வைக்க முடியாது. ஃபங்ஷனிலும் உள்ளீட்டை வாங்கும் பக்கத்தில் உறவு இப்படித் தலைகீழாகிவிடுகிறது. இதுதான் கான்ட்ராவேரியன்ஸ். கொடுக்கும் பக்கத்தில் அது மாறாது: ஏதாவது மாம்பழம் கொண்டு வா என்றவருக்குச் செந்தூரம் கொண்டுபோனால் குறையில்லை. அது கோவேரியன்ஸ். ஸ்காலாவில் ஃபங்ஷன் டைப்பின் உள்ளீட்டுக்குக் கழித்தல் குறி, வெளியீட்டுக்குக் கூட்டல் குறி. 2010-இல் வந்த சி ஷார்ப் 4 இதையே 'இன்', 'அவுட்' என்று எழுத வைத்தது. ஐஃபல் மொழி உள்ளீட்டிலும் கோவேரியன்ஸை அனுமதித்தது. அதனால் டைப் பாதுகாப்பு உடைகிறது என்று 1989-இல் வில்லியம் குக் காட்டினார்.

பிறகு கம்பைலர் என்னை ஏன் தடுக்கவில்லை? நான் எழுதும் டைப்ஸ்கிரிப்டில் 2017-இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து இதற்குக் கண்டிப்பான சோதனை உண்டு. அதைப் போட்டும் வைத்திருந்தேன். ஆனால் இன்டர்ஃபேஸில் நான் எழுதியிருந்ததுபோல் மெத்தட் வடிவில் எழுதியதை அது கண்டுகொள்ளாது. செந்தூர அரேயை மாம்பழ அரேயாகக் கொடுக்கும் வழக்கம் உடையக் கூடாதென்று விட்ட சலுகை. ஜாவா அரேக்களிலும் இப்படியொரு சலுகை இருக்கிறது. அங்கே ஓடும்போதாவது பிழை எழும். இங்கே பில்லில் வந்துதான் தெரிகிறது. சரக்கு கொண்டுவந்த விவசாயி காத்து நிற்கும்போது அது தெரியவருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மண்டி மேசையிலேயே அந்த மெத்தட்டை அம்புக்குறி போட்ட ப்ராபர்ட்டியாக மாற்றினேன். செந்தூர ஃபங்ஷனுக்கு அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. கல்லாமை ரகத்துக்கு எழுதியதிலும் விழுந்தது, காசாலட்டுக்கு எழுதியதிலும்.