மூன்று கதவு வண்டி

ஃபோக்ஸ்வேகன் வேனைத் தெரியாதவர் குறைவு. முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்து, மூக்கில் பெரிய வட்டச் சின்னத்தோடு, ஹிப்பிகள் படத்தில் வருமே, அதுதான். அதே வேனின் உடன்பிறப்பான இரட்டை கேபின் பிக்கப்பைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், அதற்கும் பின்னால் சாமான் தட்டு. ஜெர்மனியில் சுருக்கமாக ‘டோக்கா’ என்பார்கள். சாலை போடுகிறவர்கள், ஓடு வேய்கிறவர்கள், கம்பி இழுக்கிறவர்கள் என்று ஆளும் சாமானும் ஒன்றாகப் போக வேண்டியவர்கள் வாங்கிய வண்டி. வீட்டு வேனை ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைத்தார்கள்; இதன் தட்டில் ஈர மணலையும் சிமென்ட்டையும் கொட்டினார்கள். ஓட ஓட ஓட்டி, ஓடாதபோது காயலான் கடைக்குத் தள்ளினார்கள். இன்று அது அரிதாகிப்போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஹனோவருக்கு வெளியே வயல்களை ஒட்டி இருக்கும் ஒரு பட்டறைக்கு நான் போனது இந்த வண்டிக்காகத்தான். ஊரும் பொருத்தமான ஊர். 1956 முதல் இந்த வேன்களைச் செய்தது ஹனோவர் ஆலை. 1958 நவம்பரில் டோக்காவையும் அந்த ஆலையே செய்யத் தொடங்கியது. ஆனால் பட்டறையின் நடுவில் நின்றது அதற்கும் மூத்தது. லோர்ஹ் என்ற சிற்றூரில் ஆம்புலன்ஸும் சவ ஊர்தியும் கட்டிய பின்ட்ஸ் என்ற நிறுவனம், 1953 முதல் ஃபோக்ஸ்வேகனின் ஒற்றை கேபின் பிக்கப்பை வாங்கி, கேபினைப் பின்னால் நீட்டி, இன்னொரு இருக்கை வரிசை போட்டு விற்றது. பின்கதவு ஒன்றே ஒன்று, நடைபாதைப் பக்கம் மட்டும். அதன் கீல் பின்பக்கம் இருப்பதால் கதவு எதிர்த்திசையில் திறக்கும். ஆலை செய்த டோக்காவிலும் மூன்றே கதவுதான், ஆனால் கீல் வழக்கம்போல முன்பக்கம். பின்ட்ஸ் கட்டியவை சில நூறு; மிஞ்சியவை மிகக் குறைவு.

ஜெர்மனியில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு இந்த வண்டியின் கீழ்ப்பகுதியைத் தின்றிருந்தது. படிக்குக் கீழே இருக்கும் பெட்டித் தகரங்களில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே போகிறது. எடுத்த எடுப்பில் வெட்ட முடியாது. கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு வைத்து, கூடு நெளியாமல் கட்டிவிட்ட பிறகே வெட்டுகிறார்கள். இது தவறினால் புதுத் தகரம் ஏறிய பின் கதவு மூடாது. மூன்றரை ஆண்டுத் தொழிற்பயிற்சியின் கடைசி ஆண்டில் இருக்கும் ஒரு பெண், பழைய ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அடித்தகரம் ஓட்டையாகாமல் மேல்தகரத்தை மட்டும் விடுவிக்க வேண்டும். பேச்சுக்கொடுக்கவே தயக்கமாக இருந்தது.

முன்பாதிக்கு உதிரிபாகக் கவலை இல்லை. வேனுக்கும் அதுவே என்பதால் புதிதாக அடித்த தகரங்கள் கடையில் கிடைக்கின்றன. பின்பாதிக்கு எதுவும் கிடையாது. வேறொருவரிடம் இருந்த பின்ட்ஸ் வண்டியிலிருந்து அட்டையில் அச்சு வெட்டி வந்திருக்கிறார்கள். வைத்துப் பார்த்தால் ஒரு விரல் அகலம் இடிக்கிறது. டிங்கர் வேலையில் மூத்தவர் சிரித்தார். “கையால் கட்டிய வண்டி. காலையில் கட்டியது ஒரு அளவு, மதியம் கட்டியது ஒரு அளவு,” என்றார். ஆகவே இந்த வண்டியில் மிஞ்சிய மடிப்பு, வெல்டு தடம் இவற்றைப் பார்த்தே இதன் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கதவின் கீழ்ப்பாதியை அவர் செய்வதைப் பார்த்தேன். இரண்டு உருளைகளுக்கு நடுவே தகரத்தை முன்னும் பின்னும் ஓட்டி வளைவு ஏற்றுகிறார். பிறகு உள்பக்கம் டாலி என்ற இரும்புக் கட்டியை அண்டக் கொடுத்து, அம்மி கொத்துவதுபோலச் சின்னச் சின்னத் தட்டல். வெல்டிங்கையும் நீளமாக இழுப்பதில்லை. இங்கே ஒரு பொட்டு, அரையடி தள்ளி ஒரு பொட்டு. சூடு ஓரிடத்தில் சேர்ந்தால் தகரம் உப்பிவிடும். நம் ஊர்ப் பட்டறைகளில் பட்டியை அப்பித் தேய்த்துச் சரிக்கட்டும் இடங்களில் இங்கே பட்டி கண்ணில் படவில்லை. கடைசியில் மெல்லிய பூச்சாக மட்டும் வருமாம்.

மூலையில் இன்னொரு டோக்கா, அமெரிக்காவின் வறண்ட மாநிலம் ஒன்றிலிருந்து திரும்பி வந்தது. துரு அதிகமில்லை. இப்படி வாங்கி வரலாமே என்றால் அங்கேயும் நிறைய இல்லை. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பா வரி போட்டதற்குப் பதிலடியாக, 1964 தொடக்கத்தில் இறக்குமதி பிக்கப்புகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ஆள் ஏறும் வேனுக்கு அது கிடையாது, டோக்காவுக்கு உண்டு. கோழிச் சண்டையில் அடிபட்டது லாரி!

பட்டறையில் ஒரு வழக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவின் இடைவெளி மேலே குறுகலாகவும் கீழே அகலமாகவும் இருக்கிறது. வண்டியின் உரிமையாளர் அதைச் சீராக்கச் சொல்கிறார். மூத்தவர் மறுக்கிறார்: பழைய கீலும் மிஞ்சிய மூலத் தகரமும் அப்படியே இருக்கின்றன, கதவு பிறந்ததே அப்படித்தான் என்கிறார். நான் மூத்தவர் பக்கம். ஓரமெல்லாம் நூல் பிடித்தாற்போல் இருந்தால் அது ஆலை வண்டி, பின்ட்ஸ் ஆகாது. ஜெர்மனியில் 30 ஆண்டு தாண்டி, மூல நிலையில் காக்கப்பட்ட வண்டிகளின் நம்பர் பிளேட்டில் கடைசியில் ‘எச்’ எழுத்துத் தருகிறார்கள். வரியும் தனிக் கணக்கு. அந்த எழுத்துக்கான பரிசோதனைக்குக் கோணல் கதவு தடையில்லை.

நான் கிளம்பும்வரை உரிமையாளர் சம்மதிக்கவில்லை. கதவைத் தவிர மற்ற வேலைகள் நடக்கின்றன.