பந்தல் இல்லாத கொடிகள்

எங்கள் ஊர்ப் பக்கம் திராட்சைக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு தோட்டம் கவாத்து முடிந்து மொட்டையாக நிற்கும். அடுத்த தோட்டத்தில் பூவெடுத்திருக்கும். அதற்கடுத்ததில் பழத்தை வெட்டிப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு ஐந்து காய்ப்பு என்பது அப்பாவின் கணக்கு. அதனாலோ என்னவோ, இத்தாலிக்குச் சாப்பிடவும் ஒயின் பார்க்கவும் போவது என்று முடிவானபோது, எந்த மாதம் போவது என்பதை நான் ஒரு கேள்வியாகவே நினைக்கவில்லை. மே மாதம் லீவு கிடைக்கும், மேயில் போகலாம். அவ்வளவுதான் யோசனை.

பயண ஏற்பாட்டாளர் ஒருவரிடம் கேட்டேன். பன்னிரண்டு நாளில் ஒன்பது ஊர் என்று ஒரு தாள் வந்தது. சாப்பிடத்தான் போகிறோம் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். அப்படியும் எல்லா ராத்திரிக்கும் நேராக ‘இந்திய உணவு’ என்று போட்டிருந்தார்கள். தாளை மடித்து வைத்துவிட்டு, தெருமுனைக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்தேன்.

நோட்டின் முதல் பத்துப் பக்கமும் அடித்தல்தான். சிசிலி போயிற்று. சியான்டி மலைகள் போயின. நேப்பிள்ஸை அடித்தபோது கை நடுங்கியது. அங்கே பீட்சா தட்டுகிற கலையையே 2017இல் யுனெஸ்கோ மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதைப் பார்க்காமல் இத்தாலி போனேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரயிலிலேயே நாள் போனால் எப்போது சாப்பிடுவது? கடைசியில் வடக்கே இரண்டு வட்டாரங்கள் மிஞ்சின. எமிலியா-ரோமாஞ்ஞா, பியமோந்தே.

முதலாவதில் ஒரு சௌகரியம் உண்டு. கி.மு. 187இல் ரோமானியர் போட்ட வியா எமிலியா என்ற சாலை ரிமினியிலிருந்து பியாசென்சா வரை நேர்கோடாகப் போகிறது. தேனியிலிருந்து புறப்பட்டால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று ஒரே ரோட்டில் வருமே, அந்த மாதிரி போலோன்யா, மோதனா, ரெஜ்ஜோ, பார்மா வரிசையாக வரும். ரயிலும் அதை ஒட்டியே ஓடுகிறது. போலோன்யாவில் ஒரே அறை எடுத்துப் பெட்டியை இறக்கிவிட்டால், மற்ற ஊர்களுக்குக் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம்.

காலையில் என்றால் நல்ல காலையில். பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் காய்ச்சுவது ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், காலைப் பால் வந்ததும். முந்தின சாயங்காலப் பாலை இரவெல்லாம் வைத்து, ஏடு எடுத்து, அதோடு காலைப் பாலைச் சேர்த்துப் பெரிய செம்புக் கொப்பரைகளில் ஊற்றுகிறார்கள். ஒரு சக்கரத்துக்குச் சுமார் 550 லிட்டர் பால்; எடை ஏறக்குறைய 40 கிலோ. உப்புத் தண்ணீரில் கிடந்து, பிறகு பலகையில் குறைந்தது 12 மாதம். அதன் பிறகு ஒருவர் சின்னச் சுத்தியலோடு வந்து தட்டிக் கேட்பார். சத்தம் சரியில்லை என்றால் முத்திரை கிடையாது. மத்தியானம் போனால் கழுவிக் கவிழ்த்த கொப்பரையைத்தான் பார்க்கலாம்.

இதையெல்லாம் மனைவிக்கு உற்சாகமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் சைவம்.

“உறை எதுல ஊத்துவாங்க?” என்று கேட்டாள்.

அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். தாண்டவில்லை. கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறைதான். விதிப்படி வேறு எதுவும் ஊற்றக்கூடாது.

“அப்ப இத்தனை வருஷமா பாஸ்தா மேல நீங்க தூவிக் குடுத்தது?”

அந்தச் சாயங்காலம் நோட்டை மூடிவிட்டேன். மறுநாள் அவளாகவே வந்து, “பாக்கறதுக்கு வர்றேன். சாப்பிடறது என் இஷ்டம்” என்றாள். அதற்கப்புறம் நோட்டின் கடைசிப் பக்கம் அவளுடையதாகிவிட்டது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும் போடுகிற மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது என்று கண்டுபிடித்தவள் அவள். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் நெத்திலி வந்துவிடும், அதையும் தனியாகச் சொல்லவேண்டும் என்பதும் அவள் எழுதிய குறிப்பு.

மோதனாவை அவள் முழு மனதோடு ஏற்றுக்கொண்டாள். அங்கே வினிகர் செய்வது மச்சில். சூப்பர் மார்க்கெட்டில் நாம் வாங்குகிற பால்சாமிக்கில் ஒயின் வினிகர் கலந்திருக்கும்; பரம்பரை முறையில் செய்வதில் காய்ச்சிய திராட்சைச் சாற்றைத் தவிர ஒன்றும் இல்லை. பெரிசிலிருந்து சிறிசாக மரப்பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கடைசிப் பீப்பாயில் கொஞ்சம் எடுப்பார்கள். எடுத்த அளவுக்கு அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து ஊற்றுவார்கள். புதுச் சாறு முதல் பீப்பாய்க்குத்தான் போகும். கோடை வெக்கையில் வற்றவேண்டும், குளிரில் அடங்கவேண்டும் என்பதற்காகத்தான் மச்சு. குறைந்தது 12 வருஷம். மூத்தது என்று பெயர் வாங்க 25. வீட்டில் பெண் பிறந்தால் ஒரு வரிசை பீப்பாய் ஆரம்பித்து வைப்பது அந்த ஊர் வழக்கம். விற்பது 100 மில்லி குப்பியில். குப்பியை வடிவமைத்தவர் ஜுஜாரோ, கார்களை வடிவமைத்துப் பேர் வாங்கிய மனிதர். ஊரில் பாட்டி பானைக்கு வேடு கட்டிப் பரணில் வைத்திருந்த நார்த்தங்காயை நினைத்துக்கொண்டேன். எங்களுக்குக் குப்பி செய்து தர யாரும் வரவில்லை.

பியமோந்தே வந்தபோதுதான் மே மாதம் அடிபட்டது. பரோலோ ஒயினுக்கான நெபியோலோ திராட்சை அங்கே கடைசியாகப் பழுக்கிற ரகம். அறுவடை அக்டோபரை ஒட்டி வரும். அந்தச் சமயம் குன்றுகளில் மூடுபனி இறங்கும்; பனிக்கு அவர்கள் சொல்லும் ‘நெபியா’தான் பழத்தின் பெயரிலும் இருக்கிறது என்பார்கள். ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் சந்தை கூடுவதும் அக்டோபரில்தான். மண்ணுக்கடியில் விளையும் அந்தக் காளானை நாயின் மூக்கை நம்பித் தோண்டி எடுத்து, வேகவைக்காமல், முட்டை மஞ்சள்கருவில் பிசைந்த மெல்லிசான தாயரின் பாஸ்தாவின் மேல் சீவிப் போடுவார்கள். சீவச் சீவக் கிராம் கணக்கில் பில் ஏறும். எனக்கு ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு என்று நோட்டில் பட்ஜெட் போட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன்.

“வருசத்துக்கு எத்தன காய்ப்பு அங்க?”

“ஒண்ணுதாம்ப்பா.”

“ஒண்ணா? மிச்ச நாளெல்லாம் என்னடா பண்றான்?”

குளிர்காலத்தில் கவாத்து, பிறகு ஒயினைப் பார்த்துக்கொள்வது என்றேன். பரோலோ என்று பெயர் போடவேண்டுமானால் 38 மாதம் காத்திருக்கவேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. வெட்டின பன்னீர் திராட்சை மூன்றாம் நாள் மார்க்கெட்டைப் பார்க்காவிட்டால் காம்பிலிருந்து உதிர ஆரம்பித்துவிடும். லாரிக்காரன் சொன்ன விலைக்குத் தலையாட்டியே வயசாகிப்போன மனிதர்.

“மூணு வருசம் வச்சிருந்து விக்கிறானா? அது வரைக்கும் கடன்காரன் சும்மா இருப்பானா?” என்றார்.

ஒயினைப் பற்றி இதுவரை நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. போய்க் கேட்கவேண்டியவற்றில் அதையும் குறித்துக்கொண்டேன்.

மற்ற ஏற்பாடுகளை விவரித்தால் தூக்கம் வரும். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கின் ஜாதகம். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். பரோலோ குன்றுகளில் கார் இல்லாமல் சுற்றுவது கஷ்டம். ஒயின் குடித்துவிட்டு கார் ஓட்டுவதோ தப்பு. ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மதுதான் வரம்பு. ருசி பார்த்துத் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்களாம். 38 மாதம் காத்திருந்ததைத் துப்ப எனக்கு மனசு வராது. அந்த இரண்டு நாளுக்கு டிரைவரோடு கார் சொல்லியிருக்கிறேன்.

திரும்பும்போது டூரினிலிருந்து மிலானுக்கு அதிவேக ரயில் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். நின்று நின்று போகிற ரயிலில் போனால் வெர்செல்லி, நோவாரா வழியாக நெல்வயல்கள் வரும். ஐரோப்பாவில் மிகுதியாக நெல் விளைவிக்கும் நாடு இத்தாலிதான். 1866இல் திறந்த கவூர் கால்வாய் போ ஆற்றுத் தண்ணீரை அந்த வயல்களுக்குக் கொண்டுபோகிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன் ஜன்னலோரம் உட்கார்ந்து இன்னொரு கால்வாயைப் பார்க்கட்டுமே. அறுவடை முடியாமல் ஏதாவது வயலில் கதிர் மிச்சமிருக்கும்.

நேற்று அப்பா மறுபடி கூப்பிட்டார். அங்கே கல்தூண் நட்டுப் பந்தல் போடுகிறார்களா என்றார். இல்லை, சரிவில் வரிசையாகக் கம்பி இழுத்துக் கொடியை அதில் கட்டுகிறார்கள் என்றேன்.

“கவாத்துல எத்தன கண்ணு விட்டு வெட்றான்னு எண்ணிப் பாத்துட்டு வா.”

நெபியோலோவில் அடிக்கண்கள் காய்க்காது, அதனால் கம்பை நீளமாக விட்டுத்தான் வெட்டுவார்கள் என்று படித்திருந்தேன். சொல்லவில்லை. படித்ததைச் சொன்னால், “நீ எண்ணினியா?” என்பார். அக்டோபரில் கவாத்து நடக்காதுதான். ஆனால் போன குளிர்காலத்தில் வளைத்துக் கட்டிய கம்பு கம்பியிலேயே இருக்கும். இலையை விலக்கினால் எண்ணிவிடலாம். நோட்டில் பரோலோவுக்கு நேராக எழுதிவைத்திருக்கிறேன்: கண், எத்தனை.