கப்பலில் ஓர் அறை

கப்பலிலே அறை தெரிதல் பணத்தின் பாற்பட்ட காரியம் என்றே பலரும் எண்ணுவர். மேல்தளம், கடல்நோக்கிய பல்கணி, உயர்ந்த கட்டணம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்துவிட்டால் நல்ல அறை வாய்த்துவிட்டது என்பது அவர்தம் துணிபு. பருத்தித்துறைக் குடும்பமொன்றின் மூத்த மகனும் அவ்வாறே எண்ணினான். கனடாவில் தொழில்புரியும் அவன், அவுஸ்திரேலியாவிலுள்ள தங்கை குடும்பத்தையும் ஊரில் தனித்திருக்கும் தாயையும் சிங்கப்பூருக்கு வரவழைத்து, அங்கிருந்து நான்கு நாட் கப்பற் பயணமொன்றுக்கு ஏற்பாடு செய்தான். பதினோர் ஆண்டுகளாக அம்மூவரும் ஒரு கூரையின்கீழ் உறங்கியதில்லை. தாய்க்கென அவன் தெரிந்தது அணியத்தை ஒட்டிய பன்னிரண்டாந் தளத்தறை. தன் உழைப்பின் சிறந்த பகுதியை அவர் காலடியில் வைப்பதாகவே அவன் கருதியிருத்தல் வேண்டும்.

தாயோ மறுத்துவிட்டார். "தம்பி, எனக்கு உயரம் வேண்டாம். ஆட்டமில்லாத இடமாப் பாத்து எடு" என்பதே தொலைபேசியில் அவர் தந்த பதில். எழுபதுகளில், தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கப்பல் ஓடிய காலத்தில், சிதம்பர தரிசனத்துக்குச் சென்றவர் அவர். அச்சிறு கடலைக் கடப்பதற்குள் குடலே வெளிவந்துவிடும் போல வாந்தியெடுத்த நினைவு, ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அவரை விட்டகலவில்லை.

அவர் கேட்டது நியாயமே. அலைமீது செல்லுங் கப்பல் கிணற்றுத் துலாவைப் போன்றது. இரு நுனிகளும் ஏறியிறங்க, ஆடுகாலின் மேல் தங்கிய பகுதி ஏறக்குறைய அசையாதிருக்கும். பக்கவாட்டு ஆட்டமோ உயரத்தோடு பெருகுவது. பனையின் அடி அறியாத காற்றை அதன் வட்டு அறியும். ஆதலின் நடுவும் தாழ்வுமான இடமே நோயாளிக்கும் முதியோர்க்கும் உகந்தது. கப்பற் கம்பனிகள் நடுவிடத்தின் அருமையை முன்னரே உணர்ந்திருந்தன. 1871 இல் கன்னிப்பயணம் சென்ற 'ஓசியானிக்', முதல் வகுப்பினரைப் பின்புறத்திலிருந்து நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தது. 1912 இல் மூழ்கிய 'டைட்டானிக்'கிலே மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த தனித்த ஆடவர் அணியத்திலும், பெண்களும் குடும்பத்தினரும் பின்புறத்திலும் இடம்பெற்றனர், நடுவிடம் செல்வர்க்குரியதாயிற்று. இன்றோ விலை உயரத்தை நாடி ஏறிவிட்டமையால், கீழ்த்தளத்து நடுவறை ஒப்பீட்டளவில் மலிவாகவே கிடைக்கிறது. எளியோரின் வயிற்றுக்கு வாய்த்த அபூர்வ நீதி இது!

மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியானது என மகன் வாதிட்டான். அது மெய்யே. ஆயினும் அச்சங்கொண்டவரிடம் அவ்வாதம் செல்லவில்லை. தங்கையே தளப்படத்தை விரித்துவைத்து ஆராய்ந்தாள். மேலே யாது, கீழே யாது, லிப்ற் எத்துணைத் தூரம் என்பனவே அவளுடைய வினாக்கள். முழங்கால் நோவுடைய ஒருவரை முந்நூறு மீற்றர் நீளக் கப்பலின் ஒரு நுனியிலே குடியேற்றுவது, உணவு வேளைதோறும் அவரை நெடுந்தூரம் நடக்க வைப்பதாகும். இறுதியில் நான்காந் தளத்தின் நடுவே, லிப்றுக்கு அணித்தாய், இடைக்கதவால் இணைந்த இரண்டு அறைகள் தெரிவாயின. ஒன்றில் தாய், மற்றதில் தங்கையும் கணவரும் குழந்தைகளும். பல்கணி இல்லாமை குழந்தைகளை எண்ணியும் நல்லதாயிற்று.

"அண்ணா, நீங்களும் கீழே வாங்கோ. அந்த அறைக்கு மேலே உடற்பயிற்சிக் கூடமெல்லோ இருக்கு" என்றாள் தங்கை. அவன் சற்று மனத்தாங்கலுடன் உயரத்து அறையைத் தனக்கே வைத்துக்கொண்டான்.

முதலிரவு அலை எழவேயில்லை. தாய் நன்கு துயின்றார். அண்ணனை மட்டும் ஐந்து மணிக்கே ஓடுபொறிகளில் ஓடுவோரின் காலடிகள் எழுப்பிவிட்டன. இரண்டாம் இரவு, தலையணையொன்றை அணைத்தபடி எட்டுத் தளங்கள் கீழிறங்கி வந்து தாயின் கதவைத் தட்டினான். தரையிற் போர்வை விரித்துப் படுத்தவனைக் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்த தாய், "காலை மடக்கிப் படு, தம்பி. இரவில நான் எழும்பினா மிதிச்சுப் போடுவன்" என்றார்.