சுவரில் ஏறும் முகங்கள்

கரிசல் காட்டு வீடுகளில் சுவர் அலங்காரத்துக்கு உரிய இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. விளக்குக்கு ஒரு மாடம், பைகள் தொங்க இரண்டு ஆணிகள், உத்தரத்தை ஒட்டினாற்போல் ஒரு வரிசைப் படங்கள், அவ்வளவுதான். அந்த வரிசையிலும் இடம்பெற்றவர்கள் இரு சாராரே: தெய்வங்கள், இறந்துபோன வீட்டுப் பெரியவர்கள். உயிரோடு இருப்பவரைப் படமாக்கிச் சுவரில் ஏற்றுவதை எங்கள் பக்கத்து முதியவர்கள் விரும்பியதில்லை. ஆயுள் குறையும் என்று அஞ்சினார்கள்.

இன்று நிலைமை வேறு. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு மாட்டுவது புதுமனைகளின் நாகரிகமாகிவிட்டது. உணவகங்களிலும் தங்கும் விடுதிகளிலும் அவை வரிசையாகத் தொங்குகின்றன. இந்த நாகரிகத்தின்மீது எங்களுக்குக் காழ்ப்பு ஏதுமில்லை. கடம்பூரில் எங்கள் பழைய காரை வீட்டைப் புதுப்பித்தபோது நாங்களும் அதையேதான் செய்தோம். ஆயினும் அந்த வேலையின் நடுவில் ஒரு கேள்வி எழுந்து எங்களை நிறுத்தியது. ஒரு படத்தைப் பெரிதாக்கும்போது உண்மையில் பெரிதாவது எது?

கடம்பூர் என்றதும் பலருக்குப் போளி நினைவுக்கு வரும். 1876ஆம் ஆண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ஓடத் தொடங்கிய ரயில் பாதையில், கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடைப்பட்ட ஊர் இது. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் கோவில்பட்டிதான். அந்தக் கோவில்பட்டிக்குத் தமிழ்நாட்டுச் சுவர்களின் வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிவந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) 1940களில் அங்கே தங்கிவிட்டார். சீடர்களோடு தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நடத்தினார். அவரும் அவர் சீடர்களும் வரைந்த முருகனும் இலட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில் அச்சாகி, நாட்காட்டிகளாக நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. எங்கள் வட்டாரத்தில் தாத்தாவின் புகைப்படத்துக்கு அடுத்த ஆணியில் அந்த முருகன்தான் தொங்கினான்.

அக்கால ஸ்டூடியோக்களின் பின்திரையை நினைத்துப்பாருங்கள். மாளிகைப் படிக்கட்டு, பூந்தொட்டி, தூரத்தில் ஓர் ஏரி. நாடகத் திரையும் ஸ்டூடியோத் திரையும் ஒரே கைத்தொழிலின் இரு கிளைகள். கம்மம்புல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடந்த சம்சாரி, ஆண்டில் ஒரு நாள் ரயிலேறிப் போய் அந்த ஏரிக்கரையில் நின்றுவிட்டு வந்தார். கோட்டும் கைக்கடிகாரமும் பெரும்பாலும் ஸ்டூடியோவைச் சேர்ந்தவை.

எங்கள் தாத்தாவின் படம் அப்படிப்பட்ட ஒன்று. 1950களின் பிற்பகுதியில் எடுத்தது. அரைத்தகடு அளவு, அதாவது நான்கே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். தகட்டையே தாளின்மேல் வைத்து ஒளிபாய்ச்சி எடுத்த படி என்பதால் நுணுக்கம் குறையவில்லை. அதை 12 அங்குல அகலத்துக்குப் பெரிதாக்கினோம். ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அறுபது ஆண்டுகளாக எங்கள் கண்ணில் படாத ஒன்று அப்போது தெரிந்தது. கோட்டு, கடிகாரம், மாளிகைப் படிக்கட்டு எல்லாம் இருக்க, செருப்பில்லாத பாதங்களின் வெடிப்புகளில் கரிசல் மண் கறுப்பாக அப்பியிருந்தது. ஸ்டூடியோக்காரர் முகத்தைத் துடைக்கச் சொல்லியிருப்பார், தலையைச் சீவச் சொல்லியிருப்பார். காலைக் கவனிக்கவில்லை போலும். தாத்தாவின் படத்தில் தாத்தாவுக்கே சொந்தமானவை அந்தப் பாதங்கள்தாம் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய முறையில் பெரிதாக்குவது எப்படி என்பதை இளம் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். இருட்டறையில் என்லார்ஜர் என்னும் கருவியின் விளக்கொளி நெகட்டிவின் ஊடாக இறங்கி, ஆடியைக் கடந்து, கீழே விரித்த புரோமைடு தாளில் விழும். தலைப்பகுதியை உயர்த்த உயர்த்தப் படம் விரியும், வெளிச்சம் மெலியும். பிறகு தாளை உருத்துலக்கும் கரைசலில் இட்டு, ஹைப்போவில் நிலைப்படுத்தி, நீரில் அலசிக் காயவைப்பார்கள். படம் எவ்வளவு விரிந்தாலும் நெகட்டிவில் படிந்த வெள்ளித் துகள்கள் கூடுவதில்லை. அவையும் சேர்ந்தே விரிகின்றன. ஓர் அங்குல அகலமுள்ள முகத்தை 12 அங்குலமாக்கினால் அகலம் 12 மடங்கு, பரப்போ 144 மடங்கு. முகத்தோடு கீறலும் கறையும் புள்ளியும் 144 மடங்காகின்றன. இன்றைய ஸ்கேனருக்கும் இதே விதிதான். தாளில் உள்ளதற்கு மேல் அதனால் எதையும் கொண்டுவர முடியாது. அளவை மீறி முயன்றால் தாளின் நார்தான் தெரியும்.

தாத்தாவுக்கு அருகில் ஆச்சியின் படத்தை மாட்டவேண்டும் என்றபோதுதான் இந்த விதி எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஆச்சிக்கு ஸ்டூடியோப் படம் கிடையாது. தாத்தா கோவில்பட்டிக்குப் போன அன்று ஆச்சி பருத்திக் காட்டில் இருந்திருப்பாள். திருமணக் கூட்டப் படங்களில் ஆண்கள் நாற்காலிகளில் வீற்றிருக்கிறார்கள். அவள் அடுப்படியில் இருந்ததால் எதிலும் இல்லை. ஆச்சியை முதன்முதலில் படமெடுத்தது இந்தியத் தேர்தல் ஆணையம். 1993இல் தொடங்கிய புகைப்பட வாக்காளர் அடையாள அட்டைக்காக, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்தி எடுத்தார்கள். "இனி ஆயுசு கொறைஞ்சா என்ன, கூடுனா என்ன" என்று சொல்லிக்கொண்டே போய் உட்கார்ந்தாள் என்பார்கள். அறுபத்தைந்து ஆண்டு வாழ்க்கைக்கு எஞ்சியது, தபால்தலையைவிடச் சற்றே பெரிய, மங்கலான கறுப்பு வெள்ளை முகம் ஒன்று. கரிசல் கிராமங்களில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் இதுவே கதி. அவர்கள் இறந்தபின் சுவரில் ஏறிய முகம் அந்த அட்டையிலிருந்து எடுத்ததுதான்.

நாங்கள் படத்தைக் கொடுத்த கடையில் இருந்த இளைஞர் கெட்டிக்காரர். செயற்கை நுண்ணறிவு கொண்டு பழைய முகங்களைத் தெளிவாக்கும் செயலி ஒன்றில் ஆச்சியை ஏற்றி, ஒரே நிமிடத்தில் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க சார், நேத்து எடுத்த மாதிரி வந்திருக்கு" என்றார். உண்மைதான். கண்ணிமை ஒவ்வொன்றும் தெரிந்தது. தோல் வழுவழுப்பாக இருந்தது. அழகான ஒரு மூதாட்டி எங்களைப் பார்த்தாள். நாங்கள் மயங்கித்தான் போனோம். மாதிரிக்கு ஒரு பிரதி எடுத்து, ஆச்சியின் மகளான எங்கள் அத்தையிடம் காட்டினோம். அத்தை படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "இது யாருய்யா? எங்க அம்மைக்குக் காது எங்க?"

அத்தை கேட்ட பிறகே எங்களுக்கும் கண் திறந்தது. ஆச்சிக்குப் பாம்படக் காது. சிறுவயதிலேயே துளையிட்டு வளர்த்து, தோளைத் தொடுமளவு தொங்கும் காது. திருநெல்வேலிச் சீமையில் அன்று அதுவே பெண்ணுக்கு அழகு. அந்தப் பாம்படங்களை 1965இல் விற்றுத்தான் எங்கள் தந்தையாரைப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் சேர்த்தார்கள். நாகரிகம் மாறியபின் ஊரில் பலரும் தொங்கிய காதை அறுத்துத் தைத்துச் சிறு தோடு போட்டுக்கொண்டார்கள். ஆச்சி தைக்கவில்லை. வெறுங்காதோடு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடமாடினாள். எங்கள் குடும்பத்தில் இன்று இரண்டு ஆசிரியர்களும் ஒரு மருத்துவரும் இருப்பதற்கு ஆவணச் சான்று வேண்டுமென்றால் அந்தக் காதுமடல்தான் சான்று. அட்டையில் அது மங்கலாகவேனும் இருந்தது. செயலியோ அதைக் கறை என்று கொண்டதோ, பிழை என்று கொண்டதோ, எல்லாரையும் போல ஒரு காதை வைத்துத் திருத்திவிட்டது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பழைய ஓவியர்களும் திருத்தவில்லையா? திருத்தினார்கள். நெகட்டிவில் கூரான பென்சிலால் சுருக்கங்களை மறைத்தார்கள். இறந்தவரின் மூடிய கண்களைத் திறந்து எழுதினார்கள். இல்லாத அட்டிகையைக் கழுத்தில் பூட்டினார்கள். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் தீட்டினார்கள். எனினும் அந்தக் கலைஞர் வீட்டாரை உட்காரவைத்துக் கேட்டார். கண் யார் சாயல், நிறம் எப்படி, மூக்குத்தி எந்தப் பக்கம் என்று விசாரித்தபின் தூரிகையை எடுத்தார். பாம்படக் காதை அவர் தம் வீட்டிலேயே கண்டிருப்பார். அவர் சேர்த்தவை பொய்யாகவே இருந்தாலும், அவை அக்குடும்பம் விரும்பிச் சொன்ன பொய்கள். செயலி யாரையும் கேட்பதில்லை. அது கண்ட கோடிக்கணக்கான முகங்களின் பொதுமையிலிருந்து நிரப்புகிறது. அந்தக் கோடியில் எங்கள் ஆச்சி போன்றவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள். ஏனெனில் அவர்களை யாரும் படமெடுக்கவில்லை. ஒருமுறை படத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இப்போது இரண்டாம் முறையும் நிறுத்தப்படுகிறார்கள்.

கடைசியில் அட்டைப் படத்தைத் திருத்தாமல் அப்படியே ஸ்கேன் செய்து பெரிதாக்கினோம். கையில் வைத்துப் பார்த்தால் வெறும் புள்ளிக்கூட்டம். ஆனால் கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆறடி தள்ளி நின்றால் அரை மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளிகளை நம்மால் தனித்தனியே பிரித்தறிய இயலாது. அவை கலந்து நிழலாகவும் ஒளியாகவும் மாறிவிடும். முன்னோர் படங்களை உத்தரத்தை ஒட்டி உயரத்தில் மாட்டிய வழக்கத்தின் பயனை அன்றுதான் உணர்ந்தோம். கீழே நிற்பவருக்குப் படம் தூரமாகிறது, தூரத்தில் முகம் கூடுகிறது. மேற்புறத்தை முன்னே சாய்த்துத் தொங்கவிட்டால் வாசல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கண் கூசுவதுமில்லை. ஆச்சியின் காது இப்போது கூடத்தின் நடுவிலிருந்து பார்த்தால் தெரிகிறது. அருகில் போனால் மறைகிறது.

இப்படி மாட்ட நினைக்கும் நண்பர்களுக்குப் பட்டறிவில் சில சொல்லலாம். மூலப்படத்தைச் சுவரில் மாட்டாதீர்கள். வெளிச்சமும் ஈரமும் அதை உண்டுவிடும். பிரதியை மாட்டி, மூலத்தை அமிலமற்ற தாளுறையில் இருட்டில் வையுங்கள். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையே சிறிது இடைவெளி விடுங்கள். இல்லாவிடில் ஐப்பசி மழையில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பின் பிரிக்க முடியாது. சுவரின் அளவுக்குப் படத்தை இழுக்காமல், படம் தாங்கும் அளவைப் படத்திடமே கேளுங்கள்.

இன்னொன்று. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பெயர் தெரியாத குடும்பங்களின் படங்கள் சட்டத்தோடு விற்பனைக்குக் கிடைக்கின்றன. வீடு இடிந்தபோதோ, பாகம் பிரிந்தபோதோ கைமாறியவை. அவற்றை வாங்கி மாட்டுவோரை நாம் பழிக்க வேண்டியதில்லை. குப்பைக்குப் போகாமல் ஒரு சுவராவது கிடைத்ததே. பல ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டு வெறுங்கண்ணாடியாகப் போன நாட்டில், எஞ்சியவற்றைக் காக்க எவர் முன்வந்தாலும் நன்றே. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தின் துணையோடு, 2010களில் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்னுருவாக்கியது அத்தகைய அரிய பணி. ஆனால் விலைக்கு வாங்கிய முன்னோரைச் சுவரில் ஏற்றும் முன், நம் வீட்டுப் பெட்டியின் அடியில், ரேஷன் அட்டைக்கும் பட்டாவுக்கும் நடுவில், யாருடைய முகமாவது கிடக்கிறதா என்று ஒருமுறை துழாவிப் பார்க்கலாம். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் முகமாக இருக்கும்.

கிடைத்தால், அடையாளம் சொல்லக்கூடிய ஒருவர் இருக்கும்போதே அவரிடம் காட்டிக் கேளுங்கள். எங்கள் அத்தைக்கு இப்போது எழுபத்தாறு வயது. அவளுக்குப் பிறகு அந்தக் காதைத் தேடுவதற்கு வீட்டில் எவரும் இருக்கமாட்டார்கள். ஆகவே ஆச்சி படத்தின் பின்னட்டையில் பென்சிலால் நான்கு வரிகள் எழுதி வைத்திருக்கிறோம்: அவள் பெயர், பிறந்த ஊர், படம் எடுத்த இடம், பாம்படம் விற்ற ஆண்டு.