முப்பதரையும் இருபத்தேழும்

பழைய பொருள் ஒன்றை விலைக்கு வாங்கப் புறப்படுகிறவன் இரண்டு கணக்குகளோடு புறப்படுகிறான். ஒன்று பையிலுள்ள பணத்தின் கணக்கு. மற்றொன்று மனத்திலுள்ள ஆசையின் கணக்கு. இவ்விரண்டும் ஒரே தொகையில் வந்து முடிந்ததாக எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்கப் போகும் பொருள் வேகத்திற்கென்றே செய்யப்பட்ட வண்டியாக இருந்துவிட்டாலோ சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒரே பெயர், ஒரே தோற்றம். ஆனால் ஒன்று சாதாரணம், மற்றொன்று அதைவிட விரைவானது. எதை எடுப்பது?

செல்வர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2000-ஆம் ஆண்டு மாதிரியில் போர்ஷே கம்பெனியார் தங்கள் பாக்ஸ்டர் காரை இரண்டு வகையாக விற்றார்கள். சாதாரண பாக்ஸ்டருக்கு 2.7 லிட்டர் எஞ்சின், 220 குதிரைச் சக்தி, ஐந்து கியர். 'எஸ்' என்ற எழுத்தைத் தாங்கியதற்கு 3.2 லிட்டர் எஞ்சின், 252 குதிரைச் சக்தி, ஆறு கியர். இன்று பழைய பாக்ஸ்டர் வாங்குவோரும் சாதாரணமா, எஸ்ஸா என்று இராத்திரி பகலாக விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் கலந்துகொள்ள ஆராய்ச்சி மாணவனாகிய எனக்குத் தகுதி இல்லை. வங்கிக் கணக்கிலும் இல்லை. ஆனால் அதே கேள்வி, இரண்டு சக்கரங்களின் மேல் ஏறிக்கொண்டு, சென்ற ஆண்டு என் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

நண்பர்கள் பலருக்கு ராஜ்தூத் 350 என்ற மோட்டார் சைக்கிளைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஜப்பானில் யமஹா கம்பெனியார் 1973-இல் வெளியிட்ட ஆர்.டி. 350 என்ற வண்டியைத் தழுவி, எஸ்கார்ட்ஸ் கம்பெனியார் 1983 முதல் ஃபரீதாபாத்தில் செய்து விற்ற வண்டி அது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். அந்நாளில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய பிற வண்டிகளுக்கு நடுவே அது மாட்டு மந்தையில் புகுந்த குதிரையாக இருந்தது. அதே 1983-இல் வந்த 'ஹீரோ' என்ற இந்திப் படத்தில் ஜாக்கி ஷெராஃப் அதில் ஏறி வந்ததைப் பார்த்துவிட்டு ஏங்கிய வாலிபர்கள் எத்தனையோ பேர். தர்மபுரியில் அப்போது கல்லூரி மாணவராயிருந்த எங்கள் தந்தையாரும் அவர்களில் ஒருவர்.

ஆனால் குதிரைக்குத் தீனி போட வேண்டுமே! பெட்ரோலை அந்த வண்டி குடிக்கவில்லை, கொட்டிக்கொண்டது என்பார்கள். வாங்கியோர் முணுமுணுக்கவே, கம்பெனியார் எஞ்சினைச் சற்று அடக்கி இன்னொரு வகையைக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்தது 30.5 குதிரைச் சக்தி. அதற்கு 'ஹை டார்க்' என்று பெயர். பின்னர் வந்தது 27; அதற்கு 'லோ டார்க்' என்று பெயர். 1985-இல் அதே கம்பெனியின் ஆர்.எக்ஸ். 100 வண்டியும், பெட்ரோலை மிச்சப்படுத்தும் ஹீரோ ஹோண்டாவும் வந்து சேர்ந்தபின், ராஜ்தூத் 350-ஐக் கேட்பார் குறைந்தனர். அந்தப் பத்தாண்டின் முடிவோடு அதன் காலமும் ஏறக்குறைய முடிந்தது. விற்பனை முடிந்ததும் புகழ் தொடங்கிற்று. இன்று அதற்குப் பழம்பொருள் விலை. அதிலும் ஹை டார்க் என்றால் தனி விலை.

என் தம்பி எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்; அத்திப்பள்ளியில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். வயது இருபத்திரண்டு. தந்தையார் வாங்காமல் விட்ட வண்டியை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்குவது என்று தீர்மானம் செய்தோம். என் உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது ஒன்றரை லட்சம். அவன் சம்பளத்தில் சேர்த்தது ஒரு லட்சத்து எழுபதாயிரம். ஆக 3,20,000 ரூபாய். வண்டியில் பெரும்பாலும் போகப்போகிறவன் அவன்; எதை வாங்குவது என்று முடிவு சொல்ல வேண்டியவன் மூத்தவனாகிய நான். அம்மா தொலைபேசியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்கள்: "நீ பாத்து எடுத்துக் கொடுத்தா சரி, அவன் பாத்து எடுக்க வேணாம்." அந்த வாக்கியத்தின் பாரம் எத்தனை கிலோ என்பது மூத்த பிள்ளைகளாகப் பிறந்தவர்களுக்கு விளங்கும்.

இரண்டு மாதம் பெங்களூரைச் சல்லடை போட்டுச் சலித்ததில் இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று ஹை டார்க், விலை 3,10,000. செர்ரிப் பழ நிறத்தில் புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. மற்றொன்று லோ டார்க், விலை 2,30,000. கறுப்பு நிறம், டாங்கியில் ஒரு நெளிவு, சீட்டில் ஒரு தையல். நாற்பது ஆண்டை எட்டும் வண்டி எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். ஹை டார்க்கைப் பற்றிக் குறைத்துச் சொன்னால் அது பொய்யாகும். பாதி வேகத்தில் சாதுவாக வருகிறது; எஞ்சினின் சுற்று ஓர் எல்லையைத் தாண்டியதும், யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியதுபோல் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் வயதும் படிப்பும் மறந்துபோகின்றன. இறங்கியபோது நான் சிரித்துக்கொண்டிருந்ததாகத் தம்பி சொன்னான். லோ டார்க்கில் அந்தத் திடீர்ப் பாய்ச்சல் குறைவு. ஆனால் குறைந்த சுற்றிலேயே இழுக்கிறது; நெரிசலில் அடிக்கடி கியர் மாற்றச் சொல்லி அடம்பிடிப்பதில்லை. சில்க் போர்டு சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சிவாஜி நகரில் இந்த வண்டிகளுக்கென்றே வாழ்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'பாய்', எனக்கும் அப்படியே. அவரை அழைத்துக்கொண்டு போய் இரண்டு வண்டிகளையும் காட்டினேன். பெயின்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதலில் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தார். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது செய்திருக்கிறதா என்று தேதியைப் படித்தார். பிறகு சைலன்சர் குழாய்களைக் கழற்றச் சொல்லி, எஞ்சின் பிளாக்கில் புகை வெளியேறும் துளைக்குள் டார்ச் அடித்தார்.

"இங்க பாருங்க தம்பி, ரெண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஓட்டையிலதான்" என்றார். இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறத் தனி வால்வு கிடையாது. புகை வெளியேறும் துளையின் உயரமும் அகலமும்தான் எஞ்சினின் குணத்தை வகுக்கின்றன. துளை பெரிதாயிருந்தால் உயர்ந்த சுற்றில் பலம் கூடும்; சிறிதாயிருந்தால் குறைந்த சுற்றில் நிதானம் கூடும். லோ டார்க்கில் கம்பெனியார் அந்தத் துளையைக் குறுக்கியிருந்தார்கள்.

அடுத்து, பிஸ்டனின் அளவைப் பார்த்தார். புதிதில் 64 மில்லிமீட்டர். தேயத் தேய, கால் மில்லிமீட்டர் வீதம் பிளாக்கைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஹை டார்க் ஏற்கெனவே நான்கு முறை கடையப்பட்டு 65-இல் நின்றது. இனிக் கடைய அதில் இடமில்லை. லோ டார்க்கின் பிளாக் ஒரே முறை கடையப்பட்டிருந்தது. மேலும், ஹை டார்க்கில் எஞ்சினுக்கு எண்ணெய் கொடுக்கும் பம்பை யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். ஒருநாள் மறந்தால் பிஸ்டன் சிக்கி, ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். லோ டார்க்கில் பம்ப் இருந்தது, வேலையும் செய்தது.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது இவை எதுவுமல்ல, பிரேக். ஜப்பானிய ஆர்.டி. 350-க்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. நம் ராஜ்தூத் 350-க்கோ முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். 30.5-க்கும் அதே டிரம்; 27-க்கும் அதே டிரம். போர்ஷேக்காரர் 'எஸ்' காரில் சக்தியைக் கூட்டியபோது பெரிய பிரேக்கையும் சேர்த்தே கொடுத்தார். இங்கே கூடுதல் சக்திக்குக் காசு கொடுக்கிறோம்; அதை நிறுத்துவதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. நிறுத்துவதற்கு வேண்டிய தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 60-இல் போகிறவன் 80-இல் போனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டால் தானாக அடங்கும் குணமும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு மிகக் குறைவு. பௌதிகப் பரீட்சையில் இதற்கு விடை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் ஓசூர் சாலையில், தம்பியின் முதுகை மனத்தில் வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டபோதுதான் எண்கள் எனக்கு அச்சம் தந்தன.

தம்பி எளிதில் விடவில்லை. "அண்ணா, ஹை டார்க்னா நாளைக்கு வித்தாலும் விலை வரும். லோ டார்க்கை வாங்கினா, எல்லாரும் 'அடடா, இது லோ டார்க்கா'ன்னுதான் கேப்பாங்க. அப்பா ஆசைப்பட்டதும் மொதல்ல வந்த வண்டிதானே?" என்றான். மூன்று வாதங்களும் நியாயமானவையே. விலை வரும் என்பது உண்மை. 'அடடா' என்பார்கள் என்பதும் உண்மை. அப்பாவைப் பற்றிய வாதத்திற்கு என்னிடம் பதிலே இல்லை.

"சரி, லோ டார்க்கையே வாங்கி, ஓட்டையை அராவிப் பெரிசாக்கிட்டா?" என்று பாயைக் கேட்டான்.

"அராவலாம் தம்பி. அராவினதைத் திரும்ப ஒட்ட முடியாது" என்றார் அவர். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ குடிக்கப் போய்விட்டார்.

அன்றிரவு விடுதி மாடியில் அமர்ந்து தம்பியோடு கணக்குப் போட்டேன். ஹை டார்க்கை வாங்கினால் கையில் மிஞ்சுவது பத்தாயிரம். அந்தப் பத்தாயிரத்தில் டயரும் மாறாது, பிரேக்கும் சீராகாது. நான்கு முறை கடைந்த பிளாக் ஐந்தாம் முறை கேட்டால் விடையும் கிடைக்காது. லோ டார்க்கை வாங்கினால் மிஞ்சுவது தொண்ணூறாயிரம். "மூன்றரைக் குதிரையை விட்டுக்கொடு, அந்தப் பணத்தில் மிச்சமுள்ள இருபத்தேழையும் கட்டி நிறுத்துகிற கயிறு வாங்கித் தருகிறேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "ஹெல்மெட் நான் சொல்றதுதான் வாங்கணும்" என்றான். சம்மதம் என்று அர்த்தம்.

வாங்கினோம். பிரேக் டிரம்கள் இரண்டையும் லேத்தில் கொடுத்துச் சீராக்கி, புது ஷூ போட்டோம். இரண்டு டயர், செயின் செட், முன்புற ஃபோர்க்குக்கு எண்ணெயும் சீலும், கிராங்க் சீல்கள், எல்லாக் கேபிள்களும் புதிது. நல்ல ஹெல்மெட் இரண்டு. மொத்தம் 46,000 ரூபாய். எஞ்சிய 44,000 வங்கியில் இருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு அதுவும் ஓர் உதிரிப்பாகமே.

இதே போன்ற முடிவைச் செய்ய வேண்டியிருக்கும் நண்பர்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். விற்கிறவர் சொல்லும் வகையைவிட வண்டியின் இன்றைய நிலைமை பெரிது. நாற்பது ஆண்டில் எத்தனை கைகள் மாறியிருக்குமோ, அத்தனை கைகளின் குணமும் அதற்குள் இருக்கும். வேகமான வகையோடு நல்ல பிரேக்கும் நல்ல டயரும் சேர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால், பையில் பணமும் இருந்தால், தயங்காமல் அதையே எடுங்கள். ஆசையை அடக்குவது எந்நேரமும் அறிவு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஹை டார்க்கின் பாய்ச்சல் இன்னும் என் முதுகில் இருக்கிறது. ஆனால் வண்டி வாங்கிய அன்றே பணம் தீர்ந்துபோகுமானால், மறுநாள் முதல் அந்த வண்டியை உங்கள் பயமே ஓட்டும்.

சென்ற பொங்கலுக்குத் தம்பி அதில் தர்மபுரிக்குப் போனான். நான் பஸ்ஸில் போனேன். வீடு போய்ச் சேர்ந்தபோது வாசலில் வண்டி நின்றது, அப்பாவைக் காணவில்லை. தெருக்கோடியிலிருந்து டூ ஸ்ட்ரோக் எண்ணெயின் வாசனை வந்தது. சிலிண்டரின் சூட்டில் கை வைத்துப் பார்த்தேன், இன்னும் சுட்டது. கொஞ்ச நேரத்தில் அப்பா பின்கட்டிலிருந்து, முகம் கழுவிக்கொண்டு வந்ததுபோல் துண்டால் துடைத்தபடி வந்தார். "இது லோ டார்க்கு இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கு இதே அதிகம்" என்றார்.