எச்சில் சொல்லும் சொந்தம்: வீட்டு டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கும் முன் ஒரு நிமிடம்

"டாக்டர், வெளிநாட்டுல இருக்குற என் பையன் ஒரு கிட் வாங்கியிருக்கான். எச்சிலைத் துப்பி அனுப்பினா நம்ம பூர்வீகமே தெரிஞ்சிடுமாமே... நிஜமா?"

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. ஓபியில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்கிறார்கள், இன்பாக்ஸிலும் கேட்கிறார்கள்.

பதில் ஒரு வரியில்: கொஞ்சம் தெரியும். நீங்கள் எதிர்பார்த்தது தெரியாமல் போகலாம். எதிர்பார்க்காதது தெரிந்துவிடலாம்.

இதை விரிவாகப் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். இதில் எங்கள் குடும்பக் கதையும் வருகிறது. பெரியத்தையிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

அந்த டப்பாவில் என்ன நடக்கிறது?

ஒரு சின்ன டியூபில் எச்சிலைத் துப்ப வேண்டும். சில கம்பெனிகள் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தைத் தேய்த்து அனுப்பச் சொல்வார்கள். துப்புவதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. எச்சிலில் உதிர்ந்து கிடக்கும் செல்களில் நமது டிஎன்ஏ இருக்கிறது. அதை எடுத்துப் படிக்கிறார்கள்.

முழுவதுமாகப் படிப்பார்களா என்றால் இல்லை. நம் டிஎன்ஏ சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதருக்கு மனிதர் மாறுபடக்கூடிய இடங்களாகப் பார்த்து, சுமார் 6, 7 லட்சம் எழுத்துகளை மட்டும் படிப்பார்கள். அதை வைத்து இரண்டு வேலை செய்வார்கள்.

ஒன்று, நீங்கள் எந்தப் பகுதி ஆட்களோடு ஒத்துப்போகிறீர்கள் என்று சதவீதம் போடுவது.

இரண்டு, அதே கம்பெனியில் ஏற்கெனவே துப்பியவர்களில் உங்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று பொருத்திப் பார்ப்பது.

முதலாவது பெரும்பாலும் பொழுதுபோக்கு. இரண்டாவதுதான் விஷயமே.

சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்?

அந்தச் சதவீதம் உங்கள் ரத்தத்தில் எழுதி வைத்தது அல்ல. கம்பெனியிடம் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் மதிப்பீடு. மாதிரிகள் கூடினால் உங்கள் சதவீதமும் மாறும். போன வருடம் 90% என்று வந்தது இந்த வருடம் 82% ஆகலாம். நீங்கள் மாறவில்லை, அவர்கள் கணக்கு மாறியிருக்கிறது. நம்மவர்கள் பலருக்கு "தென்னிந்தியா" என்றுதான் வரும். அதை மாரியம்மன் கோயில் பூசாரியே காசில்லாமல் சொல்லிவிடுவார்.

"சாதி தெரியுமா டாக்டர்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களுக்கு: டிஎன்ஏவில் சாதிச் சான்றிதழ் ஒட்டி வராது. இந்தியாவில் இன்று இருக்கும் ஏறக்குறைய எல்லாச் சமூகங்களுமே, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை கலந்து உருவானவை என்று 2013-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. நமக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் இறுகியதெல்லாம் அதற்குப் பிறகுதான். கலக்காத ரத்தம் என்று ஒன்றைத் தேடிப் போனால் கிடைக்காது.

சொந்தத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. இது எல்லோருக்கும் தெரியும். அப்படியே மேலே போனால் தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் சுமார் கால் பங்கு. கொள்ளுத்தாத்தா என்றால் சுமார் எட்டில் ஒரு பங்கு.

இதையே பக்கவாட்டில் பாருங்கள். சித்தப்பா மகனோடு சராசரியாக 12.5% பொதுவாக இருக்கும். தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால், அவர்களின் பேரன்களுக்குள் சுமார் 3%. கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால் 1 சதவீதத்துக்கும் கீழே. அந்தத் தூரத்துக்குப் போய்விட்டால், பத்தில் ஒருவருக்குப் பொதுவான துண்டே அகப்படாது. சொந்தம்தான், ஆனால் டெஸ்டில் தெரியாது. அதனால் "மேட்ச் வரலை, அப்போ சொந்தம் இல்லை" என்று யாரையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

இந்தப் பொதுத் துண்டுகளின் நீளத்தை சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். அப்பா பிள்ளைக்குள் சுமார் 3,400 முதல் 3,700 வரை. தாத்தா வழியில் இரண்டாம் பங்காளி என்றால் சராசரியாக 230 பக்கம்.

இனி எங்கள் வீட்டுக் கதை

என் தாத்தாவுக்கு ஒரு அண்ணன். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஊர். சிறு வயதிலேயே மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். கல்யாணத்துக்கு ஊர் வந்தார். சொந்த அக்கா மகளையே கட்டினார். 1940-ல் மறுபடி நாகப்பட்டினத்தில் கப்பலேறினார். அப்போது பெரிய அப்பாயி முழுகாமல் இருந்தார்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்தான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றது, பணம் நின்றது. சயாம் மரண ரயில் பாதை போட, தோட்டங்களில் இருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாக அள்ளிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்குகூட இல்லை.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய யாரோ ஒருவர், "அவரும் சயாமுக்குப் போனவர்தான், திரும்பலை" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைதான். 1946-ல் தாலியைக் கழற்றினார்கள். பெரிய அப்பாயிக்கு அப்போது 22 வயது. 1994-ல் போய்ச் சேரும் வரை வெள்ளைப் புடவைதான். அப்பா முகம் தெரியாமல் வளர்ந்த மகள்தான் எங்கள் பெரியத்தை. இப்போது 84 வயது.

அமெரிக்காவில் இருக்கும் அத்தான் (என் அத்தை மகன்) தள்ளுபடியில் ஒரு கிட் வாங்கி, விளையாட்டாகத் துப்பி அனுப்பினார். சில வாரங்களில் ரிசல்ட் வந்தது. சதவீதத்தில் ஒன்றும் சுவாரஸ்யம் இல்லை. ஆனால் மேட்ச் பட்டியலில் ஒரு பெயர். மலேசியா, பேராக் மாநிலம். 236 சென்டிமார்கன்.

அத்தான் எனக்கு அனுப்பிக் கேட்டார்: "மாப்ளே, இது யாரு?"

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை

236 என்ற எண்ணை வைத்து மட்டும் "இன்ன உறவு" என்று சொல்லவே முடியாது. ஒரே எண் பல உறவுகளுக்குப் பொருந்தும். அதுவும் நம் குடும்பங்களில் இன்னும் சிக்கல். மாமா மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு மூன்று வழிகளில் டிஎன்ஏ வந்து சேரும். தூரத்துச் சொந்தம் நெருங்கிய சொந்தம்போல் காட்டும்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் அந்தச் சகோதரிகளுக்குள் சராசரியாக 25% பொதுவாக இருக்கும். பெரியத்தையின் அம்மா, கட்டியவருக்கே அக்கா மகள். அதனால் பெரியத்தைக்கு ஒரு மாற்றாந்தாய் மகள் இருந்தால், அவர்களுக்குள் 25 அல்ல, 31% பக்கம் வரும். இந்த வித்தியாசம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. குடும்ப மரம் தெரிந்த கிழவிக்குத்தான் தெரியும்.

ஆகவே டிஎன்ஏ ஒரு துப்பு மட்டுமே. தீர்ப்பைக் காகிதமும் வாய்மொழியும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். அந்த மலேசியப் பையனுக்கு எழுதினோம். அவருடைய தாத்தா 1968-ல் இறந்தவர். ஊர் "பூண்டிப் பக்கம்" என்று மட்டும் தெரியும். இறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினார். தகப்பன் பெயர் இருந்த இடத்தில் எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர்.

அதாவது, பெரிய தாத்தா சயாமில் சாகவில்லை. திரும்பி வந்து, சேலத்துப் பக்கத்துப் பெண் ஒருவரைக் கட்டி, பிள்ளை குட்டியோடு 1968 வரை இருந்திருக்கிறார். இங்கே பெரிய அப்பாயி விதவையாக இருந்த 48 வருடத்தில் முதல் 22 வருடம் புருஷன் உயிரோடுதான் இருந்திருக்கிறார்.

இதைப் பெரியத்தையிடம் சொல்வதா, வேண்டாமா?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை. "84 வயசுல இது தேவையா? பிபி ஏறிடும்" என்றார் சித்தப்பா. "அவங்க அப்பாவைப் பத்தி அவங்களுக்கே மறைக்க நாம யாரு?" என்றார் அத்தான். டாக்டர் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

அரசு மருத்துவமனையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எச்ஐவி டெஸ்ட் எடுக்கும் முன் கவுன்சலர் உட்கார வைத்துப் பேசுவார். எதற்கு டெஸ்ட், என்ன வரலாம், வந்தால் யாரிடம் சொல்வீர்கள். ரிசல்ட் வந்த பிறகும் பேசுவார். அந்த ரிசல்ட் நோயாளிக்குச் சொந்தம். அவர் மகனுக்கோ மச்சானுக்கோ அல்ல. வீட்டு டிஎன்ஏ கிட்டில் இந்த இரண்டு பேச்சும் கிடையாது. நடு ராத்திரியில் போனில் ஒரு மின்னஞ்சல் வரும். அவ்வளவுதான்.

அதனால் நான் ஊருக்குப் போனேன். பெரியத்தையிடம் விஷயத்தை உடைக்கவில்லை. முதலில் கேட்டேன்: "அத்தை, பெரிய தாத்தாவைப் பத்தி ஒரு தகவல் கிடைச்சிருக்கு. நல்லதும் இருக்கு, கஷ்டமானதும் இருக்கு. தெரிஞ்சுக்க விருப்பமா? வேண்டாம்னா விட்டுடலாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சொல்லு" என்றார். சொன்னேன். போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லவேளை, அம்மா இல்ல" என்றார். அப்புறம், "எந்த வருஷம், எந்தத் தேதி செத்தாரு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: "இத்தனை வருஷமா நாள் தெரியாம ஆடி அமாவாசைக்குத்தாண்டா கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். பஞ்சாங்கம் பார்த்துத் திதி சொல்லு."

உறுதி செய்ய அவரும் ஒரு டெஸ்ட் எடுக்கலாமா என்று அத்தான் கேட்டதற்கு, "இந்த வயசுல எச்சில் துப்பித்தான் எங்கப்பனைக் காட்டணுமா? போடா" என்றார். டெஸ்ட் எடுக்கவில்லை. மலேசியாவில் இருக்கும் தங்கையோடு வீடியோ காலில் பேசினார். முதல் அழைப்பில் இருவரும் அதிகம் பேசவில்லை. அப்பாவைப் பற்றித் தங்கையிடம் அவருக்குக் கோபமும் இருக்கிறது, அதை மறைக்கவும் இல்லை. ஆனால் இப்போது வாரம் ஒருமுறை பேசிக்கொள்கிறார்கள்.

எல்லா வீட்டிலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். சில வீடுகளில் "அப்பா என் அப்பா இல்லை" என்பது இப்படித்தான் வெளியே வருகிறது. சொத்து, மானம், கல்யாணம் எல்லாம் அதில் மாட்டும். சந்தேகத்துக்காகக் குழந்தைக்கு டிஎன்ஏ டெஸ்ட் கேட்டு வருபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதைச் சர்வசாதாரணமாக உத்தரவிடக் கூடாது, குழந்தையின் உரிமையும் அதில் இருக்கிறது என்று நமது உச்ச நீதிமன்றமே 2023-ல் சொல்லியிருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம்

தகவல் பாதுகாப்பு: 2023-ல் "ட்வென்டி த்ரீ அண்ட் மீ" கம்பெனியில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம், டிஎன்ஏவை மாற்ற முடியாது. அதோடு, நீங்கள் துப்பினால் உங்கள் தம்பியின் பாதி விவரமும் சேர்ந்தே போகிறது. 2018-ல் அமெரிக்காவில் பல கொலைகள் செய்த ஒருவரைப் பிடித்ததே, தூரத்துச் சொந்தங்கள் இணையத்தில் ஏற்றிய டிஎன்ஏவை வைத்துத்தான்.

நோய் ரிப்போர்ட்: மார்பகப் புற்றுநோய்க்கான பிஆர்சிஏ ஜீன்களில் ஆபத்தான மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இதே கம்பெனிக்கு 2018-ல் அமெரிக்க அரசு அனுமதித்த டெஸ்ட் பார்த்தது அவற்றில் மூன்றே மூன்று. அவையும் அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. ஆகவே "நெகட்டிவ்" என்று வந்தால் நிம்மதியாக மார்பகப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். "பாசிட்டிவ்" என்று வந்தாலும் முறையான லேபில் உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

துப்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் போய் உட்காருங்கள். பெயர், ஊர், யார் யாரைக் கட்டினார்கள், யார் எங்கே கப்பலேறினார்கள் என்று எழுதி வாங்குங்கள். இது இல்லாமல் டிஎன்ஏ ரிசல்ட் வெறும் எண்.

2. பத்திரம், பழைய கடிதம், பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ், போட்டோவின் பின்பக்கம். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

3. "எதிர்பாராதது வந்தால் தாங்குவேனா?" என்று உங்களையே கேளுங்கள். "என்னால் இன்னொருவர் வாழ்க்கை புரளுமா?" என்றும் கேளுங்கள்.

4. மேட்ச் தேவையில்லை என்றால் அந்த வசதியை அணைத்து வைக்கலாம். வேலை முடிந்ததும் தகவலை நீக்கச் சொல்லலாம். அந்த விதிமுறைகளைப் படித்துவிட்டுக் காசு கட்டுங்கள்.

5. ரகசியம் ஒன்று வெளியே வந்தால், அது முதலில் யாருக்குச் சொந்தமோ அவரிடம் கேளுங்கள். குழுவில் போடாதீர்கள்.

டெஸ்ட் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த எச்சில் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இரண்டு அக்கா தங்கை ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே போயிருப்பார்கள். ஆனால் கிட் அடுத்த வருடமும் கிடைக்கும், தள்ளுபடியிலும் கிடைக்கும். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் 84 வயது நினைவு அப்படிக் காத்திருக்காது. முதலில் அங்கே போங்கள்.

சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். டியூட்டி முடிந்து பதில் சொல்கிறேன்.