வேவ் போர்டு வாங்கப் போறீங்களா? ஃபின்னை எண்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

1/ வழக்கமா இங்க சுகர், பிபி, பாம்புக்கடின்னு எழுதுவேன். இன்னிக்கு விண்ட்சர்ஃபிங். போர்டோட ஒரு போட்டோ போட்டதுல இருந்து டிஎம்ல ஒரே கேள்வி: "டாக்டர், அலையில ஓட்ட போர்டு வாங்கணும். ட்வின்னா, த்ரஸ்டரா, க்வாடா?" கொஞ்சம் நீளமான த்ரெட். கடல் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம், கடைசியில வெட்டுக்காயம் பத்தியும் இருக்கு.

2/ தெரியாதவங்களுக்கு: ஒரு பலகை, அது மேல எந்தப் பக்கமும் சாயற மாதிரி ஒரு பாய். நின்னுக்கிட்டு பாயைக் கையில பிடிச்சு காத்துல ஓட்டணும். சுக்கான் கிடையாது. பாயை முன்னாடி பின்னாடி சாய்ச்சும், காலால பலகையை அழுத்தியும்தான் திருப்பணும். பலகைக்கு அடியில, வால் பக்கம் மீன் துடுப்பு மாதிரி நிக்கிறதுதான் ஃபின்.

3/ ஃபின் எதுக்கு? காத்து பாயை முன்னாடி மட்டும் தள்ளாது, பக்கவாட்டுலயும் தள்ளும். அந்தப் பக்கத் தள்ளலைத் தடுக்க தண்ணிக்குள்ள ஏதாவது ஒண்ணு நிக்கணும். நம்ம ஊர் கட்டுமரத்துல பாய் விரிச்சு ஓடின காலத்துல பக்கவாட்டுல ஒரு பலகையை இறக்குவாங்க. அதே வேலைதான். ஃபின்னைக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க, நண்டு மாதிரி சைடுலயே போவீங்க.

4/ இப்ப கேள்விக்கு வரேன். நேர்ல கேட்டாலும் நான் முதல்ல திருப்பிக் கேக்கிறது மூணு: உங்க எடை என்ன? எந்தக் கரையில ஓட்டப் போறீங்க? நடுக்கடல்ல காத்து நின்னுபோச்சுன்னா எப்படித் திரும்பி வருவீங்க? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா ஃபின் பத்திப் பேசவே வேண்டாம்.

5/ ஏன்னு ஒரு கணக்கு. என் எடை 78 கிலோ. ஹார்னஸ், வெஸ்ட், நனைஞ்ச துணி 4 கிலோ. பாய், மாஸ்ட், பூம் எல்லாம் சேர்த்து 10. போர்டு, ஃபின், ஸ்ட்ராப் 8. மொத்தம் 100 கிலோ. கடல் தண்ணி ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.025 கிலோ. அப்ப 100 லிட்டர் போர்டு தாங்கறது 102.5 கிலோ. கையில மிச்சம் ரெண்டரை கிலோ.

6/ அதாவது 100 லிட்டர்லயே நான் அசையாம நின்னா தண்ணி பலகை மேல வந்து தொடும். இதே நான் 85 லிட்டர் போர்டுல நின்னா? அது தாங்கறது 87 கிலோ. 13 கிலோ பத்தாது. ஓடும்போது பிரச்சினை இல்லை, வேகம் தூக்கிக்கும். நின்னா முழங்காலுக்கு மேல தண்ணி. அந்த நிலையில பாயைக் கயிறு பிடிச்சு இழுத்துத் தூக்கவே முடியாது.

7/ "வாட்டர் ஸ்டார்ட் தெரியும் டாக்டர்"னு சொல்வீங்க. தண்ணியில படுத்துக்கிட்டே பாய்ல காத்து வாங்கி, அது தூக்க எழுந்திரிக்கிறது. அருமையான வித்தை. ஆனா அதுக்கும் காத்து வேணும். 5.7 சதுர மீட்டர் பாய் என்னை மாதிரி ஆளைத் தூக்க 10, 12 நாட்டாவது வேணும். காத்து நின்ன நேரத்துலதானே நமக்கு அது தேவைப்படுது?

8/ அதனால என் கட்சி இதுதான்: போர்டை அன்னிக்கு நாள்ல உங்களுக்குக் கிடைக்கப் போற நல்ல அலையை வச்சு தேர்வு செய்யாதீங்க. மோசமான பத்து நிமிஷத்தை வச்சு தேர்வு செய்யுங்க. விளம்பர வீடியோவுல அந்தப் பத்து நிமிஷத்தைக் காட்டவே மாட்டாங்க.

9/ அடுத்தது கரை. அந்த வீடியோக்கள்ல பாதி ஹவாய், மாவி தீவு, ஹூக்கிபா. அங்க வியாபாரக் காத்து பக்கவாட்டுல அடிக்கும், அலை சுத்தமா சுவர் மாதிரி வரும். அலைச் சுவர்ல கீழ் நோக்கி வேகமா ஓடி, திரும்பி மேல ஏறி, மறுபடி கீழ. அங்க ஓட்டறவங்க வீட்டுல நாலு போர்டு இருக்கும், காலையில வெளிய பார்த்துட்டு ஒண்ணை எடுப்பாங்க.

10/ நம்ம சென்னைக் கரை வேற. கிழக்கு பார்த்த கடல். கோடையில மத்தியானத்துக்கு மேல கடல்காத்து உள்ள வரும், கரையை நோக்கித்தான் அடிக்கும். அலை உயரம் குறைவு, கொந்தளிப்பு ஜாஸ்தி, சீக்கிரம் உடைஞ்சிடும். அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல மூச்சு வாங்க நேரம் கிடையாது. இதுல நமக்குத் தேவை உடனே வேகம் எடுக்கிற போர்டு.

11/ இன்னொண்ணு, இது உயிர் சம்பந்தப்பட்டது. ஜூன், ஜூலையில காலை நேரத்துல சென்னையில மேல்காத்து, நிலத்துல இருந்து கடலைப் பார்த்து அடிக்கும். கரையோரத்துல கடல் கண்ணாடி மாதிரி அழகா இருக்கும். ஏதாவது உடைஞ்சா நீங்க போற திசை கரை இல்லை, வங்காள விரிகுடா. அந்தக் காத்துல தனியா இறங்காதீங்க. தென் மாவட்டத்துல கச்சான், வாடைன்னு காத்துக்குப் பேர் வச்சிருக்கிறவங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. அவங்களுக்கு இது ஹாபி இல்லை.

12/ சரி, இப்ப ஃபின். ஒரு பின்கதை, சுருக்கமா. சர்ஃப் போர்டுல முதல்ல ஃபின் மாட்டினவர்னு சொல்லப்படறவர் டாம் பிளேக், 1935, ஹவாய்ல. அப்புறம் ரெட்டை ஃபின். ஆஸ்திரேலியாவோட மார்க் ரிச்சர்ட்ஸ் அதுல 1979ல இருந்து 1982 வரைக்கும் தொடர்ந்து நாலு உலகப் பட்டம் வாங்கினாரு. அதே நாட்டு சைமன் ஆண்டர்சன் மூணு ஃபின் வச்சு "த்ரஸ்டர்"னு பேர் வச்சாரு, 1981ல பெல்ஸ் பீச் போட்டியில ஜெயிச்சாரு. பாய் வச்ச போர்டு ரொம்ப காலம் ஒத்தை ஃபின்லயே ஓடிட்டு, அப்புறம்தான் இந்த வழிக்கு வந்துச்சு.

13/ இயற்பியல் ஒரு வரி: ஃபின் தர்ற பிடிப்பு, வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 20 நாட்ல கிடைக்கிற பிடிப்பு, அதே கோணத்துல 5 நாட்ல பதினாறுல ஒரு பங்குதான். அதனாலதான் மெதுவா போகும்போது சின்ன ஃபின் வழுக்கும், வேகம் எடுத்தா அதே ஃபின் கல்லு மாதிரி நிக்கும்.

14/ ஒரேயொரு நீள ஃபின் இருந்தா மெதுவா போகும்போதும் பிடிக்கும், காத்துக்கு எதிர்ப்பக்கம் ஏறி வரலாம். ஆனா அலையில போர்டைப் பக்கவாட்டுல சாய்க்கும்போது அந்த நீளமே எதிர்க்கும். அதே பரப்பை மூணு நாலு சின்னத் துண்டா பிரிச்சு ஓரத்துல வச்சா, சாய்க்கிறது சுலபம், சாய்ச்ச பக்கத்து ஃபின் ஆழமா இறங்கிப் பிடிக்கும். கொடுக்கிற விலை: இழுவை கூடும், மெதுவான வேகத்துல பிடிப்பு குறையும்.

15/ புத்தகத்துல படிச்சா நம்பாத ஆள் நான். நண்பர் ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்த 92 லிட்டர் போர்டுல அஞ்சு ஃபின் பாக்ஸ். தேவையில்லாத பாக்ஸை மூடிக்கலாம். என் டூட்டி ஆஃபும் அவர் லீவும் காத்தும் சேர்ந்து வந்த மூணு ஞாயித்துக்கிழமை, அதே போர்டு, அதே 5.7 பாய், 16 முதல் 18 நாட் காத்து. 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஃபின் மட்டும் மாத்தினோம். வேற எதையும் தொடலை.

16/ ஒத்தை ஃபின், 22 செ.மீ.: சீக்கிரமா வேகம் எடுத்துச்சு. நேர்கோட்டுல வேகமும் இதுதான். இறங்கின இடத்துக்கு மேலயே திரும்பி வந்தோம். ஆனா அலையில திருப்பினா லாரி யு-டர்ன் அடிக்கிற மாதிரி. காலால கேட்டா, கொஞ்ச நேரம் கழிச்சுதான் பதில் வரும்.

17/ ட்வின், ரெண்டும் 15 செ.மீ.: ஜாலி. வால் பக்கம் வழுக்கி வழுக்கித் திரும்பும், சின்ன அலையிலயும் விளையாட விடும். ஆனா வேகமா போகும்போது பின்னங்கால்ல அழுத்தம் அதிகமானா டக்குனு பிடி விட்டுடும். ஃபின் மேல காத்துக் குமிழி ஒட்டிக்கிட்டு, மழை ரோட்டுல பைக் பின்சக்கரம் போற மாதிரி வால் போகும். நடுக்கால்ல எடையை வச்சு ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குப் பிரச்சினை இல்லை.

18/ க்வாட், முன்னாடி ரெண்டு 9, பின்னாடி ரெண்டு 14: நல்ல சுவர் மாதிரி அலை வந்தப்ப இதுக்குப் பக்கத்துல எதுவும் வராது. கீழ இறங்கி வளையும்போது தண்டவாளத்துல போற மாதிரி பிடிப்பு. அப்படிப்பட்ட அலை எங்களுக்கு அந்த மூணு நாள்ல வந்தது ஏழோ எட்டோ. மத்த நேரம் எல்லாம் வேகம் எடுக்க பாயை ஆட்டி ஆட்டி தோள் வலிதான் மிச்சம்.

19/ த்ரஸ்டர், நடுவுல 18, ஓரத்துல ரெண்டு 10: எதுலயும் முதல் மார்க் இல்லை, எதுலயும் ஃபெயில் இல்லை. நடு ஃபின் நேரா இழுத்துட்டுப் போச்சு, ஓர ஃபின்கள் திருப்பும்போது தாங்குச்சு. நடு ஃபின்தான் அச்சு, அதைச் சுத்தித் திரும்பலாம். அலை சரியா வரலைன்னாலும் திருப்பம் கிடைச்சுது. காத்து குறைஞ்ச நாள்ல ஓர ஃபின்னைக் கழட்டி, நடுவுல பெருசா ஒண்ணு மாட்டினா ஒத்தை ஃபின் போர்டு.

20/ ஆக, எது நல்லதுன்னு கேட்டா பதில் கிடையாது. எந்தக் கரைக்குன்னு கேட்டா உண்டு. காத்து கரையை நோக்கி அடிக்கிற, உடைஞ்ச அலை வர்ற நம்ம கிழக்குக் கரைக்கு: மூணு ஃபின் பாக்ஸ், உங்க எடையை விட 20 லிட்டராவது கூட, அடிப்பக்கம் ரொம்ப வளையாத போர்டு. கம்பெனிங்க இதை "ஃப்ரீவேவ்"னு விக்கிறாங்க. நான் வாங்கினது 100 லிட்டர், செகண்ட் ஹேண்ட்.

21/ இதைச் சொன்னா என் நண்பர் சிரிப்பார். "அது வேவ் போர்டே இல்லடா, அங்கிள் போர்டு." இருக்கட்டும். அவர் 66 கிலோ. எனக்கு மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு கிடைச்சா பெருசு. அன்னிக்கு என்ன காத்து அடிக்குதோ அதுல ஓடணும். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓபி வரிசை நிக்கும், அங்க நான் முழுசா உக்காந்திருக்கணும். என் போர்டு அந்த வாழ்க்கைக்கு ஏத்தது.

22/ இனி டாக்டர் வேலை. ஃபின் ஒரு கத்தி. மூணு ஃபின்னா மூணு கத்தி. புது ஃபின்னோட பின் விளிம்பை 400 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு மழுங்க வைங்க, ஓட்டத்துல வித்தியாசம் தெரியாது. விழுந்தா போர்டுல இருந்து தள்ளி விழுங்க, மேல வரும்போது தலைக்கு மேல கையை வச்சுக்கிட்டு வாங்க. ஹெல்மெட் கட்டாயம்.

23/ வெட்டுப்பட்டா: சுத்தமான துணியை வச்சு பத்து நிமிஷம் விடாம அழுத்துங்க. நடுவுல எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க. அப்புறம் குடிக்கிற தண்ணியில நல்லா கழுவுங்க. காப்பித்தூள், மஞ்சத்தூள், ஃபெவிக்விக் எதுவும் வேண்டாம். ஆழமா இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி. கடைசி டிடி ஊசி போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னா சொல்லுங்க, போட்டுடுவாங்க.

24/ சர்க்கரையோ கல்லீரல் நோயோ இருக்கிறவங்க இதைக் கவனமா படிங்க. கடல் தண்ணியில விப்ரியோன்னு ஒரு கிருமி இருக்கு. காயத்தைச் சுத்தி சிவப்பு வேகமா பரவுது, கொப்புளம், காய்ச்சல், காயத்துக்குப் பொருந்தாத வலி, இதுல எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. அப்பவே எமர்ஜென்சிக்கு வாங்க, "கடல்ல பட்ட காயம்"னு முதல் வார்த்தையா சொல்லுங்க. அந்த ஒரு தகவல் மருந்தையே மாத்தும்.

25/ கால் ஸ்ட்ராப். ரொம்பத் தளர்வா வச்சா பாதம் கணுக்கால் வரைக்கும் உள்ள போயிடும். விழும்போது உடம்பு சுத்தும், பாதம் சுத்தாது. நடுப்பாத மூட்டு விலகற லிஸ்ஃப்ராங்க் காயம் இப்படித்தான் வரும். சுளுக்குன்னு நினைச்சு தைலம் தேய்ச்சுட்டு விட்டுடுவாங்க. உள்ளங்கால்ல ரத்தக்கட்டு தெரிஞ்சா, கால் ஊன முடியலைன்னா, எக்ஸ்ரே எடுக்காம நடக்காதீங்க.

26/ காத்து நின்னுட்டா: போர்டை விட்டு நீந்தாதீங்க, எவ்வளவு நல்லா நீந்தத் தெரிஞ்சாலும். போர்டுதான் உங்க படகு. பாயை வால் பக்கம் போட்டு, குப்புறப் படுத்து கையால துழாவுங்க. உதவி வேணும்னா ரெண்டு கையையும் பக்கவாட்டுல மெதுவா தூக்கித் தூக்கி இறக்குங்க, அது உலகம் முழுக்கத் தெரிஞ்ச சைகை. தண்ணி புகாத பையில போன். கடலோரக் காவல் படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

27/ வலை. கரைவலை இழுக்கிற நேரம், வலை போட்டிருக்கிற இடம் ரெண்டையும் கரையில கேட்டுட்டு இறங்குங்க. ஃபின் அதிகமானா கயித்துல மாட்டறதுக்கும் வாய்ப்பு அதிகம். மாட்டிக்கிட்டா நிதானமா விடுவிங்க, கத்தியை எடுக்காதீங்க. அது ஒரு வீட்டோட அன்னிக்குச் சம்பளம். நடுக்கடல்ல நீங்க கை தூக்கினா முதல்ல வரப் போறதும் அவங்க ஃபைபர் போட்டுதான்.

28/ கேள்வி இருந்தா ரிப்ளைல கேளுங்க. எந்தக் கரை, எந்த மாசம், என்ன பாய் இருக்குன்னு எழுதுங்க. கூடவே எடையையும் எழுதுங்க. காலேஜ்ல இருந்த எடை வேண்டாம். இன்னிக்குக் காலையில மெஷின் காட்டின எடை.